பல மொழி பேசும் குடியிருப்பில் ஃப்ளூ ஊசியும் கோவிட் பூஸ்டரும்: முகாமுக்கு ஆட்கள் வராதது ஏன்?

திண்ணை

எங்கள் குடியிருப்பில் ஆறேழு மொழிகள் புழங்குகின்றன. ஒரு மாடியில் நான்கு வீடு என்றால் நான்கும் நான்கு விதம். பருவகாலம் தொடங்குவதற்கு முன்பு ஃப்ளூ தடுப்பூசியும் கோவிட் பூஸ்டரும் போடுவதற்குக் குடியிருப்போர் சங்கம் ஆண்டுதோறும் இலவச முகாம் நடத்துகிறது. சென்ற முறை செவிலியர் வந்தார், ஐஸ் பெட்டி வந்தது, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வைத்தோம். வந்தவர்கள் யாரென்று பார்த்தால், முகாமே இல்லாவிட்டாலும் தாங்களாக மருத்துவரிடம் போய்ப் போட்டுக்கொள்ளக் கூடியவர்கள். வர வேண்டியவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த மாதமே மாடிக்கு மாடி இருமல் சத்தம்.

சங்கக் கூட்டத்தில் "அவர்களுக்கு விழிப்புணர்வு போதாது" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார்கள். நான் அதை ஏற்கவில்லை. பிள்ளைகளுக்குப் போட வேண்டிய தடுப்பூசிகளை எல்லாம் தேதி தவறாமல் போடுகிற குடும்பங்கள்தான் இவை. இந்த இரண்டு ஊசிக்கு மட்டும் ஏன் வருவதில்லை? இதுபோன்ற இடங்களில் முகாம் நடத்தியவர்கள், முகாமுக்குப் போகாமல் இருந்தவர்கள், இரு தரப்பும் எழுதுங்கள். சுவரொட்டி ஒட்டச் சொல்லாதீர்கள். சென்ற ஆண்டு ஒட்டியது இன்னும் லிஃப்ட் அருகே தொங்குகிறது.

கேள்விக்கணை

போகாதவன் தரப்பில் நான் எழுதுகிறேன். தடுப்பூசிக்கு எதிரி என்று யாரும் முத்திரை குத்த வேண்டாம். தட்டம்மைக்கு இரண்டு ஊசி, வாழ்நாள் முழுக்கக் கவலை இல்லை. ஃப்ளூவுக்கு மட்டும் ஆண்டுதோறும் கையை நீட்ட வேண்டும் என்கிறார்கள். போட்டுக்கொண்ட வாரமே என் மைத்துனருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். கோவிட் பூஸ்டர் எத்தனையாவது என்ற கணக்கே எனக்கு விட்டுப்போயிற்று. இதற்கெல்லாம் நேரடியாகப் பதில் சொல்ல ஆள் இல்லை. கேட்டால் "நல்லதுக்குத்தான், போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். நல்லது என்று சொல்லியே எத்தனையோ பொருட்களை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

ஊசிமுனை

தம்பி, நான் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

ஃப்ளூ வைரஸின் மேல்பரப்பில் ஹீமக்ளூட்டினின் என்று ஒரு புரதம் இருக்கிறது. நம் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் அதைத்தான் பற்றிக்கொள்கின்றன. வைரஸ் பெருகும்போது தன்னை நகலெடுப்பதில் படு அலட்சியம். ஒவ்வொரு நகலிலும் பிழை சேர்ந்து சேர்ந்து, ஓரிரு ஆண்டில் அந்தப் புரதத்தின் வடிவம் மாறிவிடுகிறது. பழைய எதிர்ப்பொருளுக்கு அடையாளம் தெரிவதில்லை. தட்டம்மை வைரஸால் இப்படி உருமாறித் தப்பிக்க முடிவதில்லை, அதனால்தான் அதன் ஊசி வாழ்நாள் முழுக்கப் பேசுகிறது. அமெரிக்காவில் ஃப்ளூ தடுப்பூசி பொதுமக்களுக்கு வந்தது 1945இல். 1947இல் வைரஸ் மாறிப்போய், அந்த ஊசி ஏறக்குறைய எடுபடவே இல்லை. ஆண்டுதோறும் கலவையை மாற்ற வேண்டும் என்ற பாடம் அங்கேதான் தொடங்கியது.

இப்போது உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை கூடுகிறது. வடகோளத்துக்கான கலவையைப் பிப்ரவரியிலும், தென்கோளத்துக்கானதைச் செப்டம்பரிலும் முடிவு செய்கிறது. தயாரித்து முடிக்க ஆறு மாதம் பிடிக்கும். அந்த ஆறு மாதத்துக்குள் வைரஸ் வேறு பக்கம் திரும்பிவிட்டால் அந்த ஆண்டு பலன் குறையும், உண்மைதான். குறிப்பாக எச்3என்2 என்ற ஃப்ளூ வகை அடிக்கடி கையை விட்டு நழுவும். முன்பு நான்கு வகை வைரஸ்களுக்கான ஊசி இருந்தது. அவற்றில் பி யமகாட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்குமே உறுதியாகத் தென்படவில்லை. அதனால் அதை நீக்கி மூன்று வகையாகக் குறைத்திருக்கிறார்கள். கோவிட் பூஸ்டரும் இப்படித்தான் ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்படுகிறது. 2023இல் எக்ஸ்பிபி.1.5 என்ற கோவிட் வைரஸ் வகைக்கு, 2024இல் ஜேஎன்.1 என்ற வகையின் வழித்தோன்றல்களுக்கு. எத்தனையாவது பூஸ்டர் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

மைத்துனர் விஷயம். கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. அதனால் ஃப்ளூ வராது. ஒரு நாள், இரண்டு நாள் உடம்பு வலியும் லேசான காய்ச்சலும் வரலாம். அது உடல் வேலை செய்வதன் அறிகுறி. பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதற்குள் தொற்றினால் ஊசி காப்பாற்றாது. சளிக்காலத்தில் சுற்றும் வைரஸ்களில் ஃப்ளூ ஒன்று மட்டுமே, மற்றவற்றுக்கு இந்த ஊசி பொறுப்பில்லை. அவருக்கு வந்தது இவற்றில் எது என்று பரிசோதிக்காமல் யாராலும் சொல்ல முடியாது.

கேள்விக்கணை

அம்மா, இவ்வளவு பொறுமையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றி. அப்படியானால் கலவை சரியாகப் பொருந்திய ஆண்டில் எவ்வளவு பலன்? 40 முதல் 60 சதவீதம் என்று எங்கோ படித்தேன். காசு சுண்டிப் போடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

குப்பியும் சீட்டும்

மருந்தாளுநர் நான். 40 முதல் 60 என்பது, ஃப்ளூ வந்து மருத்துவரிடம் போகும் அளவுக்கு நோய்ப்படும் வாய்ப்பு எவ்வளவு குறைகிறது என்ற கணக்கு. போட்டவர்களில் பாதிப் பேருக்கு நோய் வரும் என்று பொருள் அல்ல. ஊசி போடாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டவர்களில் அது நான்கு முதல் ஆறு பேராகிறது. காசு சுண்டினால் யாருக்கும் எதுவும் குறையாது.

இதைவிட முக்கியம் மற்றொன்று. எங்கள் மருந்தகத்துக்கு வருகிறவர்கள் ஃப்ளூவை "வெறும் சளிதானே" என்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் 30 முதல் 50 லட்சம் பேர் ஃப்ளூவால் தீவிரமாகப் பாதிக்கப்படுகிறார்கள். மூச்சுப் பிரச்சினையால் மட்டும் 2,90,000 முதல் 6,50,000 பேர் இறக்கிறார்கள். கனடாவில் செய்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதனையில் ஃப்ளூ உறுதியானவர்களுக்கு முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற காலத்தைவிட ஆறு மடங்கு இருந்தது. சர்க்கரையும் இதய நோயும் உள்ளவர்களிடம் நான் சளியைப் பற்றிப் பேசுவதே இல்லை, இதயத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். உடனே காது கொடுக்கிறார்கள்.

இரவுப்பணி

நீங்கள் எல்லாரும் அறிவியல் பேசுகிறீர்கள். நான் வராமல் போனதற்கும் அறிவியலுக்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் பகுதியிலும் இப்படி முகாம் நடக்கிறது, காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை. நான் வேலை முடிந்து ஆறரைக்கு பஸ் பிடித்து வந்து, ஏழரைக்குப் படுப்பேன். பத்து மணிக்கு யாராவது கதவைத் தட்டினால் கோபம்தான் வரும்.

இரண்டாவது, மறுநாள் கை வலித்து, காய்ச்சல் அடித்து, வேலைக்குப் போகவில்லை என்றால் அன்றைய கூலி போயிற்று. ஊசி இலவசம் என்று எழுதி ஒட்டுகிறீர்கள், எனக்கு அது இலவசம் இல்லை. இதை முகாம் நடத்துகிறவர்கள் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மாதச் சம்பளக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கை வலித்தால் படுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டடத்தில் இரவுப்பணி பார்க்கிறவர்களில் பாதிப் பேர் மருத்துவமனையில் துப்புரவு வேலை, முதியோர் இல்லத்தில் சமையல், படுக்கையில் இருப்பவர்களைப் புரட்டிப் போடுகிற வேலை. யார் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பட்டியல் எழுதினால் நாங்கள்தான் முதலில் வர வேண்டும்.

ஊசிமுனை

அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நான் பணியில் இருந்தபோது மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வார்டிலேயே வந்து ஊசி போட்டார்கள். அதே வார்டைக் கழுவிய ஒப்பந்தத் தொழிலாளர்களை யாரும் கேட்கவில்லை. வைரஸ் பணி நியமன ஆணையைப் பார்த்துத் தொற்றுவதில்லை.

திண்ணை

நேரத்தை மாற்றலாம். காலை ஆறு மணிக்கே தொடங்கினால் சரிப்படுமா? கூலி இழப்புக்கு என்ன வழி?

இரவுப்பணி

ஆறரை முதல் எட்டு வரை இருந்தால் வருவார்கள், வீட்டுக்குப் போகும் வழியிலேயே போட்டுக்கொண்டு போய்விடலாம். கூலிக்கு ஒரே வழி, வார விடுப்புக்கு முந்தைய நாள் போட்டுக்கொள்வது. ஆனால் எல்லாருக்கும் ஒரே நாளில் விடுப்பு இல்லை. ஒரே நாள் பெரிய முகாமாக நடத்துவதைவிட, வெவ்வேறு கிழமைகளில் இரண்டு மூன்று சிறிய முகாம்கள் நடத்துங்கள்.

மொட்டைமாடி

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? லிஃப்ட் பயன்படுத்த வேண்டுமென்றால், பொதுக்கூடத்தில் விழா நடத்த வேண்டுமென்றால் ஊசிச் சான்றிதழ் காட்டு என்று சங்கம் ஒரு தீர்மானம் போட்டால் ஒரே வாரத்தில் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். சில கூட்டத்தாரிடம் அன்பாகச் சொன்னால் எடுபடாது.

நிர்வாகி

"சில கூட்டத்தார்" போன்ற சொற்கள் இந்த இழையில் வேண்டாம். கருத்தை எழுதுங்கள், ஆட்களைக் குறிவைக்காதீர்கள்.

இருமொழி

மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். மொட்டைமாடி ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்பாகச் சொன்னால் எடுபடாது என்று நீங்கள் நினைப்பவர்கள் பலருக்கு, அன்பாகச் சொன்னவர்களிடம் ஏமாந்த வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களுக்கு இலவச சிகிச்சை என்று சொல்லி, சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். அதைக் குணப்படுத்தும் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1997இல்தான் அந்நாட்டு அதிபர் மன்னிப்புக் கேட்டார். 2011இல் பின்லேடனைத் தேடும் வேட்டையில், பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் அமெரிக்க உளவு அமைப்பு ஒன்று ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி முகாமையே முகமூடியாகப் பயன்படுத்தியது. அதற்குப் பிறகு போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போனவர்களை அங்கே மக்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? தடுப்பூசி முகாம்களை இனி இப்படிப் பயன்படுத்த மாட்டோம் என்று 2014இல் வெள்ளை மாளிகை அறிவித்தது. அறிவிப்புக்கு முன்னும் பின்னும் உயிரை விட்டவர்களில் பலர் சொட்டு மருந்து கொடுக்கப் போன சாதாரணப் பெண்கள்.

இந்தக் கதைகள் எல்லைகளைத் தாண்டிக் குடும்பங்களோடு பயணம் செய்கின்றன. அப்படி ஒரு வீட்டில் போய்ச் சான்றிதழ் இல்லாவிட்டால் லிஃப்ட் இல்லை என்றால், சந்தேகம் சரிதான் என்று உறுதிப்படுத்திவிட்டு வருகிறீர்கள்.

எங்கே ஆட்களை இழக்கிறோம் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு முகாமில் தாயும் மகனும் வந்தார்கள். பையனுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும், அம்மாவுக்கு அவன்தான் வாய். படிவத்தில் இருந்த கேள்விகளை செவிலியர் வேகமாகப் படித்துக்கொண்டே போகிறார், பையன் அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறான். "கருவுற்றிருக்கிறீர்களா?" என்ற இடம் வந்ததும் பையன் காது சிவந்து தரையைப் பார்த்தான். அம்மாவுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. மகன் எதிரில் என்ன சொல்வார்? தலையை அசைத்துவிட்டு, "பிறகு வருகிறோம்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். பதிவேட்டில் அவர் "மறுத்தவர்". நான் வேறொரு மேசையில் வேலையாக இருந்தேன், கையில் இருந்ததை முடித்துவிட்டு எழுந்து போவதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார்கள்.

பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். குடியிருப்பில் மொழிக்கு ஒருவர், முடிந்தால் பெண்கள், முன்கூட்டியே கேள்விகளைப் படித்துத் தயாராக உட்கார வேண்டும். இல்லாத மொழிக்குத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்கலாம்.

குப்பியும் சீட்டும்

படிவம் என்றதும் நினைவுக்கு வருகிறது. சென்ற ஆண்டு நான் உதவிய முகாமில் முதல் கட்டமே அடையாள எண். அதைப் பார்த்ததும் கடைசியில் நின்றவர்கள் மெதுவாக நழுவினார்கள். ஆவணம் முழுமையாக இல்லாதவர்கள், வாடகை ஒப்பந்தம் இல்லாமல் தங்கியிருப்பவர்கள், அனுமதித்ததைவிடக் கூடுதலாக ஆட்களை வீட்டில் வைத்திருப்பவர்கள், இவர்களுக்கு அந்தக் கட்டம் ஒரு கண்ணி. ஊசி போடுவதற்கு மருத்துவ ரீதியாகத் தெரிய வேண்டியவை சில கேள்விகள்தான். வயது, இன்று காய்ச்சல் இருக்கிறதா, முன்பு ஏதாவது ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்ததா, கருவுற்றிருக்கிறாரா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா, கடைசி கோவிட் ஊசி எப்போது. மற்றவற்றில் எது சட்டப்படி கட்டாயம் என்று சுகாதாரத் துறையிடம் முன்பே கேட்டு, கட்டாயம் இல்லாததை எல்லாம் அடித்துவிடுங்கள். சேகரித்த தகவல் யாரிடம் போகும் என்பதைப் படிவத்தின் மேலேயே பெரிதாக எழுதுங்கள்.

பிறைநிலா

இத்தனை நாள் படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன், முதல்முறையாக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒரே தடை ஜெலட்டின். பன்றியிலிருந்து எடுத்தது தடுப்பூசியில் இருக்கிறது என்று குடும்பக் குழுவில் செய்தி வந்தது. யாரிடமும் கேட்கத் தயக்கம். கேட்டால் படிக்காதவர்கள் என்று நினைப்பார்களோ என்று இருக்கிறது. இரண்டு பிள்ளைகள், மூத்தவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு நான்கு மாதம். மாமியாருக்கு இதய மாத்திரைகள். நான் பாலூட்டுகிறேன்.

குப்பியும் சீட்டும்

சகோதரி, நல்ல கேள்வி. அந்தச் செய்தி பாதி உண்மை என்பதால்தான் இவ்வளவு தூரம் பரவுகிறது. மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்து ஒன்று பல நாடுகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. அதில் பன்றியிலிருந்து பெறும் ஜெலட்டின், மருந்து கெடாமல் இருக்க நிலைப்படுத்தியாகச் சேர்க்கப்படுகிறது. கையில் போடும் ஃப்ளூ ஊசிகளில் பொதுவாக ஜெலட்டின் கிடையாது. வைரஸுக்குப் பதிலாக அதன் புரதத்தைச் செய்வதற்கான குறிப்பை மட்டும் உடலுக்குக் கொடுக்கும் எம்ஆர்என்ஏ வகை கோவிட் ஊசிகளில் ஜெலட்டினும் இல்லை, முட்டையும் இல்லை. ஆகவே மூக்கில் தெளிப்பது வேண்டாம், ஊசியே போதும் என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். பெட்டிக்குள் இருக்கும் தாளில் சேர்மானங்கள் அனைத்தும் அச்சிடப்பட்டிருக்கும். முகாமில் அதை வாங்கிப் பாருங்கள், கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. 1995இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய அறிஞர்கள், முற்றிலும் உருமாறிய ஜெலட்டினை ஏற்கலாம் என்றார்கள். எல்லாரும் அதை ஏற்கவில்லை. அந்த முடிவு உங்கள் குடும்பத்துடையது, மருந்துக்கடைக்காரன் அதில் தலையிடக் கூடாது.

முட்டையைத் தவிர்ப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். பெரும்பாலான ஃப்ளூ ஊசிகள் கோழி முட்டையில் வளர்த்த வைரஸிலிருந்து தயாராகின்றன. செல்களில் வளர்த்ததும், வைரஸின் புரதத்தை மட்டும் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிச் செய்யும், முட்டையே இல்லாத மறுசேர்க்கைப் புரத வகையும் இருக்கின்றன. உங்கள் பகுதியில் கிடைக்குமா என்று விசாரியுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தனி ஏற்பாடு தேவையில்லை என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023 முதல் சொல்கிறது.

ஊசிமுனை

பிறைநிலா, மற்றவற்றுக்கு நான் சொல்கிறேன். சின்னவளுக்கு ஆறு மாதம் ஆகும் வரை ஃப்ளூ ஊசி போட முடியாது. அவளைச் சுற்றி இருப்பவர்கள் போட்டுக்கொள்வதுதான் இப்போதைக்கு அவளுக்கு வேலி. பாலூட்டும்போது நீங்கள் போட்டுக்கொள்வதில் தடை இல்லை. இனி யாராவது கருவுற்றிருந்தால், எந்த மாதத்திலும் ஊசியைப் போட்டுக்கொள்ளலாம், தாயின் எதிர்ப்பொருள் குழந்தைக்குப் போய்ச் சேரும். மூத்தவன் இதற்கு முன் ஃப்ளூ ஊசி போட்டதே இல்லை என்றால் பொதுவாக இரண்டு தவணை, இடையில் குறைந்தது நான்கு வாரம். ஒன்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முதல் ஆண்டில் மட்டும்தான் இந்த இரண்டு. அதனால் அவனைச் சீக்கிரமே கூட்டிப்போங்கள்.

மாமியார் ரத்தம் உறையாமைக்கான மாத்திரை எடுக்கிறவராக இருந்தால், மெல்லிய ஊசியால் போடச் சொல்லுங்கள், போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். 65 வயதைக் கடந்தவர் என்றால் அதிக அளவு மருந்துள்ள ஃப்ளூ ஊசி கிடைக்கிறதா என்று கேளுங்கள். வழக்கமான ஊசியில் ஒரு வகைக்கு 15 மைக்ரோகிராம் என்றால் அதில் 60. இரண்டு ஊசியையும் ஒரே நாளில் போட்டுக்கொள்ளலாம், ஆளுக்கு இரண்டு கை இருக்கிறதே.

திண்ணை ஐயா, ஒரு மூலையில் திரை கட்டுங்கள். தோள்பட்டைத் தசை முழுதாகத் தெரிந்தால்தான் ஊசி சரியான இடத்தில் இறங்கும். முழுக்கை ஆடை அணிந்த பெண்கள் பொதுக்கூடத்தின் நடுவில் ஆடையைத் தளர்த்த மாட்டார்கள். கையை அரைகுறையாக மேலேற்றிப் போட்டால் ஊசி மூட்டருகே போய், தோள் மாதக்கணக்கில் வலிக்கும். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள். பெண் செவிலியர் ஒருவராவது இருக்க வேண்டும்.

மொட்டைமாடி

லிஃப்ட் விஷயம் கோபத்தில் எழுதியது அல்ல, இப்போதும் என் கருத்து அதுதான். ஆனால் திரை கட்டுவது நல்ல யோசனை. மடக்குத் திரை ஒன்று என் வீட்டில் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்.

கேள்விக்கணை

அம்மாவிடம் இன்னும் ஒரு கேள்வி. பக்கவிளைவு என்றால் கை வலி, காய்ச்சல் என்று மட்டும் சொல்கிறீர்கள். கைகால்களைத் தளரவைக்கும் நரம்பு நோயான கில்லன் பாரே, இதயத் தசை அழற்சி என்பதெல்லாம் முகாமில் யாரும் வாயைத் திறப்பதில்லையே?

ஊசிமுனை

திறக்க வேண்டும். மறைத்தால் அதைத்தான் மற்றவர்கள் ஊதிப் பெரிதாக்குவார்கள்.

1976இல் அமெரிக்காவில் பன்றிக்காய்ச்சல் பெருந்தொற்றாக வரப்போகிறது என்று அஞ்சி நான்கு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு அவசரமாக ஊசி போட்டார்கள். பெருந்தொற்று வரவில்லை. ஊசி போட்டவர்களில் ஒரு லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் கில்லன் பாரே நோய் கூடுதலாக வந்தது. டிசம்பரில் திட்டத்தையே நிறுத்தினார்கள். அதன் பிறகு ஆண்டுதோறும் கண்காணிக்கிறார்கள். இப்போதைய ஊசிகளில் கூடுதல் ஆபத்து என்று ஏதாவது தெரிந்தால் அது பத்து லட்சத்துக்கு ஒன்று இரண்டு. ஃப்ளூ நோயே அதைவிட அதிகமாகக் கில்லன் பாரேயைக் கொண்டுவரும். எம்ஆர்என்ஏ கோவிட் ஊசிக்குப் பிறகு இதயத் தசை அழற்சி அரிதாக வந்தது உண்மை, பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு, இரண்டாம் தவணைக்குப் பிறகு. பெரும்பாலோர் குணமடைந்தார்கள். கடும் ஒவ்வாமை ஃப்ளூ ஊசியில் ஏறக்குறைய பத்து லட்சத்துக்கு ஒன்று, எம்ஆர்என்ஏ கோவிட் ஊசியில் ஏறக்குறைய ஐந்து. அதற்காகத்தான் போட்ட பிறகு பதினைந்து நிமிடம் உட்காரச் சொல்கிறோம், அட்ரினலின் ஊசியைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கிறோம்.

உங்கள் வயது என்ன?

கேள்விக்கணை

முப்பத்தைந்து. சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை. அப்பா எங்களோடு இருக்கிறார், எழுபதைத் தாண்டிவிட்டார், ஆஸ்துமா.

ஊசிமுனை

அப்படியானால் நேரடியாகவே சொல்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2023 மார்ச்சில், உடல்நலமுள்ள இளம் வயதினருக்கு முதல் பூஸ்டருக்கு மேல் திரும்பத் திரும்பப் போடுவதைப் பொதுவாகப் பரிந்துரைக்கவில்லை என்றது. போட்டால் ஆபத்து என்பதால் அல்ல, கூடுதல் பயன் குறைவு என்பதால். முதியவர்கள், எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள், கருவுற்றவர்கள், சுகாதாரப் பணியாளர்கள் இவர்களுக்குத்தான் முன்னுரிமை. உங்கள் நாட்டு வழிகாட்டுதல் என்ன என்று பாருங்கள். அப்பாவுக்கு இரண்டும் போடுங்கள். உங்களுக்கு ஃப்ளூ ஊசியை நான் வலியுறுத்துவேன், அப்பா பக்கத்து அறையில் தூங்குகிறார் என்பதால். கோவிட் பூஸ்டர் உங்கள் விருப்பம்.

இரவுப்பணி

இப்படி ஒருவர் முகாமில் உட்கார்ந்திருந்தால் நானே பத்துப் பேரைக் கூட்டி வருவேன். எல்லாரையும் "போடு போடு" என்று ஒரே தட்டில் வைப்பதால்தான் நம்பிக்கை வருவதில்லை.

இருமொழி

முகாமுக்கு முன்பே இந்தப் பேச்சு நடக்க வேண்டும், ஊசி கையில் இருக்கும்போது யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின ஆண்கள் போகும் முடிதிருத்தகங்களில் மருந்தாளுநர்களை உட்கார வைத்து ரத்த அழுத்தத்துக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவுகள் வந்தன. மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. முடிதிருத்துநர் அறிவுரை மட்டும் சொல்லி மருத்துவரிடம் அனுப்பிய கடைகளில் 9 புள்ளிதான். மக்கள் ஏற்கெனவே நம்புகிற இடத்துக்கே மருத்துவம் போனதும், அங்கேயே சிகிச்சை கிடைத்ததும் சேர்ந்து செய்த வேலை அது. உங்கள் குடியிருப்பில் மக்கள் எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள்? துணி துவைக்கும் இடமா, பள்ளி பஸ் நிற்கும் இடமா, வழிபாடு முடிந்து வெளியே வரும் வாசலா? அங்கே போங்கள், அறிவிப்புப் பலகையை மறந்துவிடுங்கள்.

திண்ணை

எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு என் மனத்தில் உள்ள ஏற்பாடு இது: வெவ்வேறு கிழமைகளில் மூன்று சிறிய முகாம்கள், அவற்றில் ஒன்று காலை ஆறரைக்கு. ஒரு வாரம் முன்பு பள்ளி பஸ் நிற்கும் இடத்தில் கேள்வி கேட்பதற்கு மட்டும் ஒரு மேசை, அங்கே ஊசி கிடையாது. மொழிக்கு ஒரு பெண் தன்னார்வலர். ஊசிமுனை அம்மா, நீங்கள் தொலைபேசியில் வருவீர்களா? சிறிய முகாம் என்பதால் மருந்தை நாங்களே சுகாதார மையத்திலிருந்து எடுத்து வர வேண்டியிருக்கும். ஐஸ் பெட்டி இருக்கிறது.

ஊசிமுனை

வருகிறேன். ஆனால் மருந்தைச் சங்கத்து ஆட்கள் தூக்கிவர வேண்டாம், மையத்துப் பணியாளர் ஒருவர் பெட்டியோடு வரட்டும், வெப்பமானியும் உள்ளே இருக்கட்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எல்லாரும் சூடாகிவிடுமே என்றுதான் பயப்படுவார்கள், உறைந்துபோவது பற்றி நினைப்பதே இல்லை. ஃப்ளூ ஊசி ஒருமுறை உறைந்தால் குப்பைதான், உருகிய பிறகு பார்த்தால் வேறுபாடும் தெரியாது. உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பொதியை அப்படியே மருந்தின் மேல் வைக்காதீர்கள். வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்கிற வரை காத்திருந்து, பிறகு வைக்க வேண்டும். கோவிட் மருந்துக்கு வகைக்கேற்ப வேறு விதிகள், அதை மையத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இருமொழி

குப்பியும் சீட்டும் ஐயா எழுதிய கேள்விகளை வைத்துப் படிவத்தின் வரைவைத் தயாரிக்கிறேன், ஒரே பக்கம். அடையாள எண் இல்லாமல். சுகாதாரத் துறை கட்டாயம் என்று சொன்னால் பிறகு சேர்ப்போம். கருவுற்றிருப்பது பற்றிய கேள்வியைத் திரைக்குப் பின்னால் செவிலியர் கேட்கட்டும், படிவத்திலிருந்து எடுத்துவிடுகிறேன்.

பிறைநிலா

எங்கள் மொழிக்கு ஆள் தேவைப்பட்டால் நான் உட்காருகிறேன். குழந்தையோடு வரலாமா?

திண்ணை

கட்டாயம் வாருங்கள். எந்த மொழி என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

கேள்விக்கணை

எங்கள் பகுதி முகாமிலும் இதையே கேட்கப்போகிறேன், இங்கே முதலில் கேட்டுவிடுகிறேன். ஃப்ளூ மட்டும் போட்டுக்கொள்ள வந்தால் திருப்பி அனுப்பிவிட மாட்டீர்களே? போன முறை இரண்டும் சேர்த்துத்தான் என்று ஒருவர் விரட்டினார்.

திண்ணை

யாரையும் அனுப்ப மாட்டோம். படிவத்தில் ஃப்ளூவுக்கு ஒரு கட்டம், கோவிட்டுக்கு ஒரு கட்டம், தனித்தனியாக இருக்கும்.